மகள் தெர்மாகோல் பிடித்த கோடை

போன ஏப்ரலில் என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்தாள். அடுத்தது பத்தாவது, பொதுத்தேர்வு. அவளோடு படிக்கும் பிள்ளைகள் பாதிப்பேர் மே மாதமே கணக்குக்கு டியூஷன் சேர்ந்துவிட்டார்கள். "இந்த ஒரு லீவு மட்டும் எனக்குக் கொடும்மா, அப்புறம் நீ சொல்றதெல்லாம் படிக்கிறேன்" என்று அவள் கேட்டாள். கேட்டது சென்னையில் நடக்கிற பத்து நாள் குறும்பட முகாம். ஆறாம் வகுப்பிலிருந்தே ஒரு நோட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் படம் வரைந்து, கீழே "இங்கே மழைச் சத்தம்" என்றெல்லாம் எழுதி வைக்கிற பெண் அவள். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. அந்தப் பத்து நாளில் கிட்டத்தட்ட 48 ஆயிரம் ரூபாய் போனது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, ஊர் திரும்பியபின் இரண்டு மாதம் அவள் அந்த நோட்டைத் தொடவே இல்லை. யாரிடமும் கேட்கத் தெரியாமல் தனியாக அலைந்து நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இந்த மே மாதம் இன்னொரு அம்மாவோ அப்பாவோ பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்தால் நல்லது.

நாங்கள் இருப்பது மயிலாடுதுறை. அவள் அப்பா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். முகாமின் விளம்பரம் இன்ஸ்டாகிராமில் வந்தது. பெரிய கேமராவின் பின்னால் ஒரு சிறுமி நிற்கிற படம், "ஒவ்வொரு குழந்தையும் ஒரு இயக்குநர்" என்ற வாசகம், கட்டணம் 22,500 ரூபாய், இந்த வாரமே 5,000 முன்பணம் கட்டினால்தான் இடம். போன் செய்தபோது பேசியவர் மிக மரியாதையாகப் பேசினார். போன வருடம் பிள்ளைகள் எடுத்தது என்று இரண்டு குறும்படங்களை அனுப்பினார். வெளிச்சம், இசை, கேமரா நகர்வது எல்லாம் டிவியில் வரும் விளம்பரப் படம் போல அவ்வளவு அழகாக இருந்தன. அதைப் பார்த்துத்தான் நான் மயங்கினேன். பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்து நாளில் கற்றுக்கொண்டு எடுத்த படம் அப்படி வழவழவென்று இருந்தால் அதை எடுத்தது பிள்ளைகள் இல்லை என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்குத் தோன்றவில்லை. இனி யாராவது மாதிரிப் படம் அனுப்பினால், ஆட்டம் காணும் கேமராவும் அங்கங்கே இரைச்சலுமாக இருக்கிற படத்தைத்தான் நான் நம்புவேன். பிள்ளை எடுத்த படத்தில் பிள்ளையின் கை தெரியும்.

முன்பணம் கட்டியபின் ஒவ்வொன்றாக வந்தது. மீதிப் பணம் கட்டப் போனபோது 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி என்றார்கள், 4,050 ரூபாய். பிறகு "கிட்" என்று 3,200. அதில் ஒரு சின்ன டிரைபாட், சட்டையில் மாட்டும் மைக், ஒரு பை, முகாமின் பெயர் போட்ட டிசர்ட். முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதையும் அப்போதுதான் ரசீதின் பின்பக்கத்தில் பார்த்தேன். அவ்வளவு தூரம் வந்துவிட்டோம், மகள் ஒரு வாரமாகத் தூங்காமல் காத்திருக்கிறாள், என்ன செய்ய முடியும்? கட்டினேன். கடையில் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு, போரூரில் என் நாத்தனார் வீட்டில் தங்கி, தினமும் ஆட்டோவில் சாலிகிராமத்துக்கு அவளைக் கூட்டிப் போய் வந்தேன்.

முதல் இரண்டு நாள் உண்மையிலேயே நன்றாக இருந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உதவி ஆசிரியராக வந்திருந்த ஓர் இளைஞர், சினிமாவில் உதவி கேமராமேனாக இருந்தவர், தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்கவைத்தாராம். கோட்டின் இந்தப் பக்கமிருந்து ஒரு ஷாட், அந்தப் பக்கமிருந்து ஒரு ஷாட் எடுத்து ஒட்டிக் காட்டியபோது, பேசிக்கொண்டிருந்த இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல் ஆகிவிட்டது. "இமாஜினரி லைன்னு பேரும்மா, அதைத் தாண்டினா யார் யாரைப் பார்க்குறாங்கன்னே குழம்பிடும்" என்று ஆட்டோவில் வரும் வழியெல்லாம் என் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டிக்கொண்டு வந்தாள். வைட், மிட், குளோசப் என்று போரூர் சிக்னலில் நின்ற எல்லாரையும் விரல்களால் சட்டம் கட்டிப் பார்த்தாள். கொடுத்த பணம் வீண் போகவில்லை என்று அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் கதை சொல்லும் நாள். அவள் ஒரு கதை வைத்திருந்தாள். கோடையில் பாட்டி மாடியில் வடகம் பிழிந்து காயவைக்கிறார், பேத்தியைக் காக்கா ஓட்ட உட்கார வைக்கிறார். பேத்தி ஒரு காக்காவுக்கு ஒரு வடகம் கொடுத்துப் பழக்கப்படுத்திவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. எங்கள் வீட்டு மாடியில் நடந்ததுதான். முகாமை நடத்தியவர் கேட்டுவிட்டு, "இதுல மெசேஜ் என்ன?" என்றாராம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. மொத்தம் 34 பிள்ளைகள், மூன்று குழு, குழுவுக்கு ஒரே ஒரு படம். "ஒவ்வொரு குழந்தையும் ஒரு இயக்குநர்" என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. மூன்று கதைகளையும் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். அவள் குழுவுக்குக் கிடைத்தது, செல்போனுக்கு அடிமையான பையன் திருந்துகிற கதை. குழுவின் 11 பேரும் "இயக்குநர் குழு". வசனம் அச்சடித்த தாளாகவே வந்தது.

நான்காம் நாள் மாலை ஆட்டோவில், "இன்னைக்கு என்னம்மா செஞ்சே?" என்று கேட்டேன். "தெர்மாகோல் பிடிச்சேன்" என்றாள். நடிப்பவர் முகத்தில் வெளிச்சம் திரும்பி விழுவதற்காகப் பிடிக்கிற வெள்ளைப் பலகை அது. ஷூட்டிங்கில் அதுவும் ஒரு வேலைதான், கற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஐந்தாம் நாளும் தெர்மாகோல். ஆறாம் நாளும் தெர்மாகோல். கேமராவை இயக்கியது வாடகைக்கு வந்த ஒரு கேமராமேன். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கு ஒரு முறை வியூஃபைண்டரில் கண் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்தப் போட்டோ அன்றிரவே பெற்றோர் வாட்ஸாப் குழுவில் வந்தது, நாங்கள் எல்லோரும் இதயம் போட்டோம். நானும்தான் போட்டேன். ஷார்ஜாவுக்கும் அனுப்பினேன். "நம்ம புள்ளையா இது" என்று அவர் சந்தோஷப்பட்டபோது, அவளைப் பத்து விநாடிதான் அந்தக் கேமராவைத் தொடவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முகாம் முடிந்து பல மாதம் வரை சொல்லவில்லை. அந்தச் சுமையை நான் மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தது இன்னமும் வலிக்கிறது.

ஏழாம் நாள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஷூட்டிங். கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். பொதுவாக மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம் என்பது நம் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். காலை ஆறு மணிக்கு எடுக்க வேண்டிய காட்சிக்கு, கேமரா வேன் வந்து சேரவே பத்தரை ஆகிவிட்டது. டிரைபாடை மணலில் ஊன்றியதும் போலீஸ்காரர் ஒருவர் வந்து அனுமதிக் கடிதம் கேட்டார். இல்லை. சென்னையில் கடற்கரை, சாலை, பூங்கா போன்ற பொது இடத்தில் ஆளும் கருவியுமாகப் படம் எடுக்க மாநகராட்சி, காவல்துறை அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். ரயில் நிலையம் என்றால் ரயில்வேயிடம், மாமல்லபுரம் மாதிரி இடம் என்றால் தொல்லியல் துறையிடம் தனியாக வாங்க வேண்டும். போலீஸ்காரர் தன்மையாகத்தான் பேசினார், தவறு அவருடையது இல்லை. பேச்சுவார்த்தை நடந்த ஒன்றரை மணி நேரமும் பிள்ளைகள் நிழலில்லாத மணலில் நின்றார்கள். ஒரு பையன் மயங்கி விழுந்தான். ஓஆர்எஸ் பாக்கெட் கூட யாரிடமும் இல்லை. நானும் இன்னொரு பையனின் அப்பாவும் ஓடிப்போய் எதிர்க்கடையில் தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் வாங்கிக் கலக்கிக் கொடுத்தோம். நான் அங்கே இருந்ததே, அவர்கள் "நீங்க இருந்தா பிள்ளைங்க ஃப்ரீயா இருக்க மாட்டாங்க மேடம்" என்று சொல்லியும் கேட்காமல் பின்னாலேயே போனதால்தான். பெற்றோர் தூரத்தில் நின்று பார்க்கக்கூட அனுமதிக்காத முகாம் எதுவாக இருந்தாலும், காரணம் என்ன சொன்னாலும், சேர்க்காதீர்கள்.

அந்த நாள் வீணானதால் மறுநாள் இரவு ஒன்பதரை வரை ஷூட்டிங் என்றார்கள். வளசரவாக்கத்தில் யாரோ ஒருவருடைய வீடு. அங்கே பெண் பொறுப்பாளர் யார் என்று கேட்டேன். யாருமில்லை. பதினொரு பேரில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். நான் அனுப்பவில்லை. இந்தப் பத்து நாளில் நான் உறுதியாக எடுத்த ஒரே முடிவு இதுதான், இதில் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு மட்டும் அவளுக்கு ஒரு சின்ன வசனம் பேசும் வாய்ப்பு இருந்ததாம், அது வேறு பெண்ணுக்குப் போய்விட்டது. இரவெல்லாம் என்னோடு பேசவில்லை. என் நாத்தனார்தான், "விடுங்க அண்ணி, நாளைக்குப் புரிஞ்சுக்குவா" என்று என்னைத் தேற்றினாள். குழந்தைகளோடு வேலை செய்கிற இடத்தில் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, கழிப்பறை எங்கே, அடிபட்டால் எந்த ஆஸ்பத்திரி, மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், இதெல்லாம் முதல் போன் காலிலேயே கேட்க வேண்டியவை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்துவைத்து அனுப்புங்கள்.

படத்தொகுப்புக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அது ஒரு மதியமாகச் சுருங்கியது. ஓர் எடிட்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார, பதினொரு பேர் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு இப்போது புரிகிற வரையில் ஒரு பிள்ளை சினிமா கற்றுக்கொள்கிற இடமே அந்த மேஜைதான். தான் எடுத்த இரண்டு ஷாட் ஒட்டவில்லை என்று அங்கேதான் தெரியவரும், அடுத்த முறை எப்படி எடுக்க வேண்டும் என்றும் அங்கேதான் தோன்றும். எடிட்டிங்குக்கு நேரம் கொடுக்காத முகாமில் பிள்ளை பார்வையாளர் மட்டும்தான்.

கடைசி நாள் ஒரு பிரிவியூ தியேட்டரில் திரையிடல். விளம்பரத்தில் பெயர் போட்டிருந்த இயக்குநர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தார். நாற்பது நிமிடம் இருந்தார், எல்லாப் பிள்ளைகளோடும் படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். திரையில் ஓடிய படம் நான் ஏப்ரலில் போனில் பார்த்து மயங்கிய படங்கள் போலவே அழகாக இருந்தது. டைட்டிலில் இயக்குநர் குழு என்று பதினொரு பெயர், அதில் ஏழாவது என் மகள். எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கைதட்டவில்லை. வெளியே வந்து, "அம்மா, இதுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டாள். ஆட்டோவில் ஏறும் வரை அடக்கிக்கொண்டு, ஏறியதும் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, சொல்ல எதுவும் இல்லை. என் கையில் அவளுடைய சான்றிதழ் இருந்தது, அதை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அந்தச் சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் திரைப்படக் கல்லூரியில் இடம் வாங்க இது உதவும் என்று முகாமில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊருக்கு வந்தபின் நானே விசாரித்தேன். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் என்று தனித்தனிப் பிரிவு. 1960இல் தொடங்கிய புனே திரைப்படக் கல்லூரிக்கும் கொல்கத்தா சத்யஜித் ராய் நிறுவனத்துக்கும், அவற்றின் முக்கியமான படிப்புகளுக்கு, ஒரு பட்டம் வேண்டும், நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பத்து நாள் முகாமின் காகிதத்தைத் தகுதியாக இவர்கள் யாரும் கேட்பதில்லை. பதினைந்து வயதில் அந்தக் காகிதத்துக்காக எந்த முகாமுக்கும் போக வேண்டாம்.

இன்னொன்று திரைப்பட விழா. "உங்கள் குழந்தையின் படம் சர்வதேச விழாவுக்குப் போகிறது" என்று சொல்லி ஆளுக்கு 4,500 ரூபாய் வாங்கினார்கள். எல்லோரும் கட்டும்போது நாம் கட்டாவிட்டால் பிள்ளை பெயர் விட்டுப்போகுமோ என்று பயந்து கட்டினேன். எந்த விழா என்று கேட்டால் பதில் வரவில்லை. விழாக்களுக்குப் படம் அனுப்ப ஃபிலிம்ஃப்ரீவே போன்ற இணையதளங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அதில் கணக்குத் தொடங்கி நேரடியாக அனுப்பலாம், கட்டணம் எவ்வளவு என்பதும் அங்கேயே தெரியும். கட்டணமே இல்லாத விழாக்களும் உண்டு. மாதாமாதம் நடக்கிற, எங்கும் திரையிடாத, விண்ணப்பித்தவர்களில் ஏராளமானோருக்கு விருது இலச்சினை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிற விழாக்களும் உண்டு. ஒரு படத்துக்கு ஒரு முறைதான் கட்டணம், அதில் வேலை செய்த பதினொரு பேரும் தனித்தனியாகக் கட்டுவது கிடையாது. 4,500ஐ 11ஆல் பெருக்கிப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

கோபம் வந்தது அப்போதுதான். நான் கணக்கு எழுதுகிறவள், ஆனால் என் சொந்த ரசீதை ஒழுங்காகப் பார்க்கவில்லை. எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி 4,050 என்று கையால் எழுதியிருந்தது, ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. பதிவு செய்த நிறுவனம் வரி வாங்கினால் பில்லில் அதன் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் அது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு யார் பெயரில் இருக்கிறது என்று எவரும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இதை எழுதி, எண் என்ன என்று கேட்டு, விழாவின் பெயரும் பணம் கட்டிய ரசீதும் வேண்டும் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன். அவர்கள் கொடுத்த புகார் எண்ணைச் சேர்த்து மறுபடியும் எழுதினேன். பன்னிரண்டாம் நாள் 8,550 ரூபாய் திரும்ப வந்தது, வரியும் விழாக் கட்டணமும். மீதி வரவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் அதுவரை போகவில்லை. பத்தாம் வகுப்பு தொடங்கிவிட்டது, எனக்குத் தெம்பும் இல்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸாப் பேச்சு, ரசீது மூன்றையும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இவ்வளவாவது வந்தது. ஜிபே போன்றவற்றில் தனிநபர் பெயருக்குப் பணம் போகிறதா, நிறுவனத்தின் பெயருக்கா என்பதையும் கட்டும்போதே பாருங்கள்.

அப்புறம் ஒரு படிவம். "மீடியா கன்சென்ட்" என்று முதல் நாள் அவசரமாக நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பிள்ளை எழுதுகிற கதை, எடுக்கிற படம், அவள் முகம் எல்லாவற்றையும் எப்போது வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்த அவர்களுக்கு உரிமை என்று அதில் இருந்தது. இந்த வருட விளம்பரத்தில் கேமராவில் கண் வைத்திருக்கிற பெண் என் மகள். நீக்கச் சொல்லி மூன்று முறை எழுதியபின்தான் நீக்கினார்கள். கையெழுத்துக்கு முன் அந்த வரிகளை அடித்துவிட்டு, "முகாமின் நினைவுக்கு மட்டும்" என்று எழுதித் தரலாம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்ள மாட்டோம் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம்.

இப்போது ஒரு முகாமைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால் நான் விசாரிக்கச் சொல்வது இவைதான். ஒரு கேமராவுக்கு எத்தனை பிள்ளைகள்? நான்கைந்துக்கு மேல் என்றால் பாதிப்பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். போனிலேயே எடுக்கச் சொல்கிற முகாம் பெரிய கேமராவைக் காட்டுகிற முகாமைவிட நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒன்று இருக்கும். கதை யாருடையது, எடிட் செய்வது யார், எத்தனை மணி நேரம்? பிள்ளை எடுத்த மூல ஷாட்டுகள் எல்லாம் பென்டிரைவில் பிள்ளைக்குக் கிடைக்குமா? தினமும் வகுப்பெடுப்பவர் யார், விளம்பரத்தில் இருப்பவரா வேறொருவரா? போன வருடம் வந்த இரண்டு பிள்ளைகளின் பெற்றோரிடம் பேச முடியுமா? இதற்கெல்லாம் எரிச்சல் படாமல் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய கட்டணம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. நூலகங்களும் ஊர்த் திரைப்பட இயக்கங்களும் இரண்டு மூன்று நாள் பட்டறை நடத்துவதுண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படம் திரையிட்டுப் பிள்ளைகளைப் பேசவைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையன் அதில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்து கதையை ஒரு மணி நேரம் சொன்னான். பார்த்துப் பேசிப் பழகுவதும் பயிற்சிதான், அதற்குப் பைசா கிடையாது.

ஜூலை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே வந்து, "வடகக் கதையை நம்மளே எடுக்கலாமாம்மா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, காட்டிக்கொள்ளவில்லை. சாக்பீஸ் கோடு போட்ட அந்த உதவி ஆசிரியரின் எண் பெற்றோர் வாட்ஸாப் குழுவில் இருந்தது. அவருக்கும் பேசிய சம்பளத்தில் பாதிதான் கிடைத்திருந்ததாம். என் போனிலிருந்து, நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அவள் சந்தேகம் கேட்பாள், அந்தத் தம்பி குரல்செய்தி அனுப்புவார். அப்படி நாங்கள் கற்றுக்கொண்டது முகாமில் கற்றதைவிட அதிகம். எடுக்கும்போது போனை ஃபிளைட் மோடில் போட வேண்டும், இல்லையென்றால் நல்ல ஷாட்டின் நடுவில் அழைப்பு வரும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஆள் நகர நகரப் படம் வெளுத்துக் கறுக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் வெளிச்சத்தில் விநாடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் சில சமயம் படம் துடிக்கும், 25 ஃபிரேமும் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் வேகமும் வைத்தால் துடிப்பு நிற்கும். முதல் இரண்டு ஞாயிறு நாங்கள் எடுத்தது முழுக்க இப்படித் துடித்துத்தான் வீணானது.

சத்தம்தான் பெரும்பாடு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்த்துவிடலாம், பேச்சு கேட்காவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். இரண்டாவது போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு என் மாமியாரின் இடுப்பில் செருகி, படம் எடுக்கும் போனுக்கு முன்னால் ஒரு முறை கைதட்டச் சொன்னோம். தட்டிய சத்தத்தையும் படத்தில் கை சேரும் ஃபிரேமையும் ஒட்டினால் இரண்டும் சேர்ந்துவிடும். எங்கள் பழைய லேப்டாப்பில் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் திணறியது, கேடென்லைவ் என்ற இன்னொன்று ஓடியது, இரண்டுமே இலவசம். பின்னணிக்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுத்தான் முதலில் ஒட்டினாள். யூடியூபில் ஏற்றினால் பாட்டின் உரிமையாளரிடமிருந்து காப்புரிமைக் கோரிக்கை வரும் என்று தம்பி எச்சரித்தார், யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருப்பதையும் அவர்தான் சொன்னார். கடைசியில் இசையே வேண்டாம் என்று அவள் எடுத்துவிட்டாள். பாட்டியின் "உஷ், போ" என்ற குரலும், இரும்பு உழக்கு உருளும் சத்தமும், தெருவில் போகிற உப்பு வண்டிக்காரர் குரலும் மட்டும்தான்.

படம் நான்கு நிமிடம் பத்து விநாடி. எட்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. செலவு 420 ரூபாய், அதில் பாதி அரிசி மாவும் பச்சை மிளகாயும். முகாமில் வாங்கிய டிரைபாட் இரண்டாம் வாரமே கால் முறிந்தது, அதன்பிறகு ஐந்து செங்கல்லும் ஒரு ரப்பர் பேண்டும்தான். சுதந்திரமாக ஊரெல்லாம் எடுக்காமல் எங்கள் மாடியிலேயே எடுத்ததால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு ஊர் வந்தவருக்குச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில் போட்டுக் காட்டினாள். அன்றைக்குத்தான் நான் அவரிடம் முகாமில் நடந்தது முழுவதையும் சொன்னேன்.

ஒரே ஒரு ஷாட் மட்டும் அவளுக்குப் பிடிக்கவில்லை. வடகம் வெயிலில் காய்கிற ஷாட். நாங்கள் எடுத்தது ஆகஸ்டில், வானம் மூட்டமாக இருந்தது, நிழல் விழவே இல்லை. மே மாத வெயிலில் வடகத்தின் நிழல் கறுப்பாக, குட்டியாக விழும் என்கிறாள். பொதுத்தேர்வு முடிந்ததும் கத்திரியில் அதை மட்டும் திரும்ப எடுக்கப் போகிறாள். செங்கல்லை மாடியிலிருந்து இறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.